விபத்தில்லா நாள் 924

ஓசூர்,
16 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

எஸ்லின் எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நான் இங்கே சுகம். நீங்கள் இருவரும் அங்கே சுகமாக இருக்க வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன்.

ஹாஸ்டல் பழகிவிட்டது. பக்கத்துக் கட்டில் ரூபா தூக்கத்தில் கன்னடம் பேசுகிறாள், விழித்திருக்கும்போது தெலுங்கு, டீச்சரிடம் மட்டும் தமிழ். சனிக்கிழமைகளில் வார்டன் ஜெயமணி டீச்சரின் போனில் ஆளுக்கு நான்கு நிமிடம் பேசலாம். ஆனால் பின்னால் வரிசை நிற்கிறது, எல்லோர் காதும் நம் பேச்சில் இருக்கிறது. அதனால் நான் கடிதம்தான் எழுதப்போகிறேன். நீங்களும் எழுத வேண்டும்.

புவியியல் பாடத்தில் பாறைகள் நடக்கின்றன. கிரானைட் ஒரு தீப்பாறை, கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வெட்டி எடுக்கப்படுகிறது என்று ஒரே ஒரு வரி இருந்தது. எங்கள் அப்பாதான் அதை அறுக்கிறார் என்று எழுந்து நின்று சொன்னேன். எதை வைத்து அறுப்பார்கள், ரம்பமா என்று டீச்சர் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. வெடிச் சத்தமும் சைரனும் கேட்டே வளர்ந்திருக்கிறேன், இது தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. நூலகத்தில் தேடினேன். கல் எப்படி உருவாகிறது என்று மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. அதை வெட்டுகிறவர்களைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆகவே நீங்கள் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறீர்கள் என்று ஒன்றுவிடாமல் எழுதுங்கள். இரண்டாம் ஞாயிறு பெற்றோர் வரும் நாள். ஜூலை 14 அன்று வாசலில் நிற்பேன்.

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
எஸ்லின்

❖

கம்பெனி லைன்,
வேப்பனப்பள்ளி,
24 ஜூன்

அன்பு மகள் எஸ்லினுக்கு,

அப்பா ஆசீர்வதித்து எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். உன் கடிதத்தை அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

நீ ரம்பம் என்று சொல்லாமல் விட்டதே நல்லது. நாங்கள் அறுப்பது கம்பியால். சுண்டுவிரல் கனத்தில் ஒரு கம்பி. அதில் வைரத்தூள் பதித்த மணிகள் கோத்திருக்கும். பாறையின் மேலிருந்து ஒரு துளை, பக்கத்திலிருந்து ஒரு துளை போடுவோம். இரண்டும் உள்ளே சந்திக்க வேண்டும். அதற்குள் கம்பியை நுழைத்து, முனைகளைச் சேர்த்து வளையமாக்கி, மிஷினில் மாட்டுவோம். மிஷின் தண்டவாளத்தில் பின்னால் நகர நகர, கம்பி பாறைக்குள் இறங்கும். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் வீட்டளவு கல் என்றால் ஒன்றரை நாள் ஆகும். இரண்டு துண்டும் பிரிந்ததும் கல்லின் உள்பக்கம் ஈரமாகத் தெரியும். உலகம் உண்டானதிலிருந்து அந்தப் பக்கத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். இப்போது அளவு சரியா என்றுதான் பார்க்கிறேன்.

காலை ஆறு மணிக்குக் கேட்டில் முகம் காட்டும் மிஷின் இருக்கிறது. அது நம்மை அடையாளம் கண்டுகொண்டால்தான் அன்றைய வருகை. பிறகு எல்லோரும் கையை நீட்டிப் பாதுகாப்பு உறுதிமொழி எடுப்போம். வெள்ளை ஹெல்மெட் ஆபீசர்கள், மஞ்சள் கம்பெனி ஆட்கள், நீலம் கான்ட்ராக்ட் ஆட்கள். என்னுடையது பதினொரு வருடமாக நீலம். கம்பெனிக்கு ஒடிசாவிலும் ராஜஸ்தானிலும் பெரிய பெரிய சுரங்கங்கள் உண்டு. எங்களுடையதை அவர்கள் சின்னது என்பார்கள். மேனேஜர் இரண்டு வருடத்துக்கு ஒருவர் மாறுவார். இந்த ஊரை அவர் தெரிந்துகொள்வதற்குள் மாற்றல் வந்துவிடும்.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு போர்டு இருக்கிறது. விபத்தில்லா நாட்கள் என்று போட்டு, கீழே எண். இன்று 909. யாருக்காவது அடிபட்டு ஒரு நாள் வேலைக்கு வரமுடியாமல் போனால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆயிரம் ஆனால் நூற்று நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு கிரைண்டர் தருவதாகக் கம்பெனி சொல்லியிருக்கிறது. அம்மா இப்போதே சமையலறையில் இடம் ஒதுக்கிவிட்டாள்.

இரண்டாம் ஞாயிறு வருகிறேன். நன்றாகச் சாப்பிடு.

இப்படிக்கு,
அப்பா, ஜெபராஜ்

❖

ஓசூர்,
14 ஜூலை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அம்மாவும் சுகம்தானா?

உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்தேன். டீச்சர் கரும்பலகையில் இரண்டு துளைகளையும் கம்பியையும் வரையச் சொன்னார். வரைந்தேன். இரண்டு துளையும் உள்ளே சந்திக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்று ஒருத்தி கேட்டாள். அப்பாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

இன்று காலை ஒன்பது மணி முதல் வாசலில் இருந்தேன். நாலு மணிக்குக் கேட்டை மூடிவிட்டார்கள். நீங்கள் வருவீர்கள் என்றும் நேற்று போனில் அம்மா சொல்லவில்லை, வரமாட்டீர்கள் என்றும் சொல்லவில்லை. பஸ் கிடைக்கவில்லையா? ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்துவிட்டார்களா?

கோபம் இல்லை. காரணம் மட்டும் எழுதுங்கள்.

எஸ்லின்

❖

வேப்பனப்பள்ளி,
19 ஜூலை

அன்பு மகள் எஸ்லினுக்கு,

அப்பா நலம். அம்மா நலம். உன்னை வாசலில் நிற்க வைத்துவிட்டேன், பொறுத்துக்கொள்.

ஒன்பதாம் தேதி மிஷினின் தண்டவாளத்தைத் தூக்கி மாற்றிப் போடும்போது இடது காலில் கொஞ்சம் அடி. ஷூவின் முனையில் இரும்பு இருக்கும், விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குக் கொஞ்சம் மேலே பட்டுவிட்டது. பயப்படும்படி எதுவும் இல்லை. பஸ்ஸில் அவ்வளவு தூரம் வேண்டாம் என்று அம்மா சொன்னாள், அவ்வளவுதான்.

வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். காலையில் கம்பெனி ஜீப்பே வீட்டு வாசலுக்கு வருகிறது. மேலே உயரமான கம்பியில் சிவப்புக் கொடி கட்டியிருக்குமே, குழிக்குள் லாரிக்காரர்களுக்குத் தெரிவதற்காக, அந்த ஜீப்தான். கங்கப்பன் ஓட்டுகிறான். கேட்டில் முகத்தைக் காட்டிவிட்டு, பயிற்சி அறையில் உட்கார்ந்துகொள்கிறேன். அங்கே நாள் முழுக்கப் பாதுகாப்புப் படம் ஓடும். ஒடிசாவில் எடுத்த இந்திப் படம். முதல் நாள் ஒரு வார்த்தை புரியவில்லை. இப்போது அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று நானே சொல்லிவிடுவேன். "அண்ணா, ஒனக்கு அடுத்த படத்துல வேசம் குடுத்துருவாங்க" என்கிறான் கங்கப்பன்.

துளைகள் சந்திக்காவிட்டால் மறுபடி போட வேண்டியதுதான். ஒரு நாள் வீண்.

இத்துடன் ஒரு நோட்டீஸ் வைத்திருக்கிறேன். பயிற்சி அறையில் கொடுத்தார்கள். பாதுகாப்பு வாரத்துக்காக, தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி. முதல் பரிசு அலமாரி நிறையப் புத்தகம். உன் ஞாபகம் வந்தது.

அப்பா

❖

ஓசூர்,
4 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் கால் எப்படி இருக்கிறது? வீக்கம் வற்றிவிட்டதா? போன சனிக்கிழமை கேட்டதற்கு எலும்பில் விரிசல் என்று அம்மா சொன்னார்கள், அதற்குள் நான்கு நிமிடம் முடிந்துவிட்டது.

கட்டுரையை எழுதி நேற்று பெங்களூரு தலைமை அலுவலக முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டேன். தலைப்பு அவர்களே கொடுத்தது, "என் வீடும் என் நிறுவனமும்". மற்ற பிள்ளைகள் ஹெல்மெட், கையுறை என்று எழுதுவார்கள். எனக்கு அதைவிட நல்ல விஷயம் கிடைத்தது. ஒரு பத்தியை உங்களுக்காகப் பிரதி எடுத்திருக்கிறேன்:

"ஜூலை ஒன்பதாம் தேதி, விபத்தில்லா 924ஆம் நாளன்று, தண்டவாளம் விழுந்து என் தந்தையின் இடது பாதத்தில் எலும்பு முறிந்தது. நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. ஒவ்வொரு நாளும் ஜீப் அனுப்பி அவரை அழைத்து வருகிறது. அவர் வேலை செய்ய வேண்டியதில்லை, நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். அவருக்கு ஒரு நாள் வருகைகூடக் குறையவில்லை. காலொடிந்த ஒருவரை வீட்டில் தனியாக இருக்க விடாத நிறுவனம் வேறெங்கே இருக்கிறது?"

924ஐ நானே கணக்கிட்டேன். ஜூன் 24 அன்று 909 என்று எழுதியிருந்தீர்கள். விரிசல் என்றால் முறிவுதான் என்று அறிவியல் டீச்சரிடம் உறுதி செய்துகொண்டேன். தேதியும் எண்ணும் கட்டுரையில் இருந்தால் படிப்பவர்கள் நம்புவார்கள் என்று தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார்.

நன்றாக இருக்கிறதா என்று எழுதுங்கள். வரும் ஞாயிறு கால் தாங்குமென்றால் வாருங்கள்.

எஸ்லின்

❖

வேப்பனப்பள்ளி,
17 ஆகஸ்ட்

எஸ்லினுக்கு அம்மா எழுதுவது.

நீ நல்லா இருக்கியா. தலைக்கு எண்ணெய் வைக்கிறியா. எனக்கு உங்கப்பா மாதிரி எழுத வராது. நான் எழுதினது அவருக்குத் தெரிய வேண்டாம்.

பதினொன்றாம் தேதியும் வரமுடியவில்லை. உன் கடுதாசி அவர் சட்டைப் பையில்தான் இருக்கிறது. பதில் எழுதலாம் என்று உட்காருவார், பிறகு எழுந்துவிடுவார்.

உன் கட்டுரைக்கு அங்கே முதல் மார்க் போட்டார்களாம். அதைப் படித்துவிட்டு, பதினாலாம் தேதி பெங்களூரிலிருந்து மேனேஜருக்கு போன் வந்தது. யார் இந்த ஜெபராஜ், என்ன ஜூலை ஒன்பது, எங்கள் கணக்கில் அப்படி ஒரு விபத்தே இல்லையே என்று. ஃபோர்மேன் முனிராஜ் நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. காபி வாங்கிக் குடித்தார். "என்னாம்மா, பாப்பா நம்மள மாட்டி உட்டுடுச்சே" என்று சிரித்தார். உங்கப்பாவும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். அடிபட்ட அன்று கிருஷ்ணகிரியில் கம்பெனி சொன்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். ஒரு இடம் இல்லை, பாதத்தில் மூன்று இடம் உடைந்திருக்கிறது. ஆபரேஷன் பண்ணித் தகடு வைக்க வேண்டும், உடனே பண்ணாவிட்டால் கோணலாகக் கூடிவிடும், அப்புறம் பழையபடி நடக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதற்குப் பத்து நாள் படுக்கை. பத்து நாள் படுத்தால் போர்டு பூஜ்யம். ஆயிரம் நாள் முடியட்டும், மறுநாளே நாங்களே பண்ணி வைக்கிறோம் என்றார்கள் கம்பெனிக்காரர்கள். வீட்டு பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். உங்கப்பா கையெழுத்துப் போட்டார். சரி, எல்லோர் வீட்டுக்கும் கிரைண்டர் வருகிறது என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். பொய் சொல்லக்கூடாது இல்லையா, நானும்தான் இருந்தேன்.

இப்போது பாதம் ஒரு பக்கமாகத் திரும்பி இருக்கிறது. ஷூவுக்குள் போக மாட்டேன் என்கிறது. காலையில் நான்தான் பிடித்துத் தள்ளுகிறேன்.

உன்மேல் யாருக்கும் கோபம் இல்லை. நீ படி. கவனமாக இரு.

அம்மா, மேரிராணி

❖

பெங்களூரு,
22 ஆகஸ்ட்

அன்புள்ள செல்வி எஸ்லின்,

வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நிறுவனத்தின் ஊழியர் நலப் பிரிவில் பணியாற்றுகிறேன்.

கட்டுரைப் போட்டிக்கு வந்த நூற்றுப்பன்னிரண்டு கட்டுரைகளில் உங்களுடையதை நடுவர்கள் முதலாவதாகத் தேர்ந்தெடுத்தார்கள். நானும் சேலத்தில் தமிழ் வழியில் படித்தவள். ஒன்பதாம் வகுப்பு மாணவி இவ்வளவு தெளிவாக எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன்.

எங்கள் இதழில் அதை வெளியிட விரும்புகிறோம். அதற்கு முன் ஒரு சிறிய நடைமுறை இருக்கிறது. உங்கள் தந்தைக்குப் பணியிடத்தில் காயம் ஏற்பட்டதாக ஒரு பத்தி வருகிறது. எங்கள் பதிவேடுகளில் அப்படி எதுவும் இல்லை. ஜூலை 9 அன்று வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்ததாக உங்கள் தந்தையே எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறார். எனவே அந்தப் பத்தி கட்டுரையின் சுவைக்காக நீங்கள் கற்பனையாகச் சேர்த்தது என்று புரிந்துகொள்கிறோம். எழுதுபவர்களுக்கு அந்த உரிமை உண்டு.

இணைத்துள்ள தாளில் அதை ஒரே வாக்கியமாகத் தட்டச்சு செய்திருக்கிறோம். கையெழுத்திட்டு, செப்டம்பர் 20க்குள் எனக்கோ சுரங்க அலுவலகத்துக்கோ கிடைக்கச் செய்யுங்கள். புத்தகங்கள் அதன்பின் உங்கள் விடுதிக்கே வந்து சேரும்.

மேன்மேலும் எழுத வாழ்த்துகளுடன்,
பிரவீனா

❖

ஓசூர்,
25 ஆகஸ்ட்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம்.

கம்பெனியிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. நான் எழுதியது கற்பனை என்று கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நீங்கள் குளியலறையில் விழுந்ததாக எழுதிக் கொடுத்திருப்பதாகவும் சொல்கிறார்கள். ஜூலை 19 தேதியிட்ட உங்கள் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். தண்டவாளம் என்றுதான் இருக்கிறது.

கம்பெனி உங்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறது என்று நினைத்துத்தான் அப்படி எழுதினேன். ஜீப் எதற்காக வருகிறது என்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. என்னால் உங்களுக்குத் தொந்தரவு வந்துவிட்டது, அதற்காக மன்னியுங்கள்.

நான் என்ன செய்யட்டும்? காலைப் பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள்.

எஸ்லின்

❖

வேப்பனப்பள்ளி,
29 ஆகஸ்ட்

அன்பு மகள் எஸ்லினுக்கு,

நாங்கள் நலம். மழை இரண்டு நாளாக இல்லை.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடு கண்ணு. ஒரு வரிதானே. நீ தப்பாக எதுவும் எழுதவில்லை, அது எனக்குத் தெரியும்.

அப்பா சொல்வதைக் கேள். நான் ஒருவன் மட்டும் என்றால் வேறு. நூற்று நாற்பது வீடு இருக்கிறது. தினமும் ஜீப்பில் என்னை ஏற்றி இறக்கும்போது கங்கப்பன்தான் தோள் கொடுக்கிறான். "அண்ணா, எம் பொண்டாட்டி கிரைண்டருக்கு உறையே தெச்சி வெச்சிட்டா. நீ படுத்துட்டன்னா அந்த உறைய நாந்தான் போத்திக்கணும்" என்றான். வேடிக்கையாகத்தான் சொன்னான். கேன்டீனில் நான் நுழைந்ததும் இடம் விடுகிறார்கள், தட்டைக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்த மாதிரி மரியாதை எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. யாரும் காலைப் பார்ப்பதில்லை.

மஞ்சள் ஹெல்மெட்டுக்கு மாற்றும் பட்டியலில் என் பெயர் இருக்கிறதென்று முனிராஜ் சொன்னார். செப்டம்பர் 23 ஆயிரமாவது நாள். அதுவரைதான். அதன்பின் அவர்களே ஆபரேஷன் செய்து வைப்பார்கள். மேனேஜர் வாயால் சொல்லியிருக்கிறார்.

பரீட்சைக்குப் படி.

அப்பா

❖

ஓசூர்,
1 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகம்.

தாளை மேசையில் வைத்து மூன்று முறை கையெழுத்துப் போடப் பார்த்தேன். "என் தந்தைக்குப் பணியிடத்தில் காயம் எதுவும் ஏற்படவில்லை" என்று ஆரம்பிக்கிறது. எனக்குக் கற்பனை செய்யத் தெரியாது என்று தமிழ் ஐயாவே குறை சொல்வார்.

மேனேஜர் இரண்டு வருடத்துக்கு ஒருவர் மாறுவார் என்று எழுதியிருந்தீர்கள். இந்த மேனேஜர் வந்து எத்தனை நாள் ஆகிறது? காயமே படவில்லை என்று நீங்களும் நானும் எழுதிக் கொடுத்துவிட்டால், அவருக்குப் பின்னால் வருகிறவர் எந்தக் காலுக்கு ஆபரேஷன் செய்து வைப்பார்?

நீங்கள் சொல்வதை நான் மீறியதில்லை. இதிலும் மீறவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வரும் 8ஆம் தேதி இரண்டாம் ஞாயிறு. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஹாஸ்டலுக்கு நடக்க எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. நீங்கள் நடந்து வாருங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் சரி. வந்தால் கையெழுத்துப் போட்டு உங்கள் கையில் தருகிறேன்.

எஸ்லின்

❖

ஓசூர்,
10 செப்டம்பர்

அன்புள்ள அப்பாவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? நான் சுகம். நாளை மறுநாள் காலாண்டுத் தேர்வு ஆரம்பம். அம்மா கொடுத்தனுப்பிய முறுக்கை ரூபாவும் நானும் இரண்டே நாளில் முடித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சொல்லாததை எழுதுகிறேன்.

பத்தேகாலுக்கு நீங்கள் தெருமுனையில் திரும்பினீர்கள். இரண்டு காலிலும் ஷூ இருந்தது. இடது ஷூவுக்குக் கயிறு கட்டவில்லை. வலது காலை எடுத்து வைத்து, இடது காலை மேசைக்காலை நகர்த்துவது போலக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தீர்கள். ஒரு இடத்தில் நின்று ரோஜாச் செடி விற்கிறவரிடம் விலை கேட்டீர்கள். நீங்கள் செடி வாங்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். கேட்டுக்கு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது, ஆனால் உங்கள் உதட்டுக்கு மேலே இருந்தது மழை இல்லை.

"வலிக்குதாப்பா" என்றேன். "நடந்தேன் இல்ல, பாத்தியா" என்றீர்கள். பார்த்தேன் என்றேன்.

மூலைக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே சிவப்புக் கொடி தெரிந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கவில்லை, கங்கப்பன் மாமா அங்கே வரை கொண்டுவந்து இறக்கியிருக்கிறார். நீங்கள் திரும்பிப் பார்த்தபோது உங்களுக்கும் அது தெரிந்தது. எனக்குத் தெரிந்துவிட்டது என்பதும் தெரிந்தது. நாம் இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து இல்லை என்றாலும் அந்த முனையிலிருந்து நீங்கள் நடந்தீர்கள். இன்னொரு முறை நடக்கச் சொல்ல என்னால் முடியாது. பெங்களூருக்கு நானே அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. தாள் உங்களிடம் இருக்கிறது. கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம்.

அலமாரிப் புத்தகங்கள் எனக்கு வேண்டாம். இங்கே நூலகத்தில் இன்னும் நான் படிக்காதவை நிறைய இருக்கின்றன.

எஸ்லின்

❖

அரசு ஆஸ்பத்திரி,
கிருஷ்ணகிரி,
18 செப்டம்பர்

அன்பு மகள் எஸ்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். எனக்கு இடது காலில் மூன்று எலும்பு முறிந்திருக்கிறது. வலி இருக்கிறது. அம்மா நலம்.

வார்டில் தாள் கிடைக்கவில்லை. என்னிடம் இருந்தது ஒன்றுதான். அதன் பின்பக்கத்தில் எழுதுகிறேன். திருப்பிப் பார்த்தால் உன் கையெழுத்து இருக்கும். நல்ல கையெழுத்து.

திங்கட்கிழமை காலை முதல் வேலையாக முனிராஜிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் பையில் வைத்தேன். "கொண்டாந்தியா" என்றார். நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டார், நாளைக்கு என்றேன். அப்படியே ஒரு வாரம் போனது. ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

நேற்று முன்தினம் புதிதாக எட்டுப் பேர் வேலைக்கு வந்தார்கள். எல்லோரும் வேப்பனப்பள்ளி, குருபரப்பள்ளிப் பக்கம். அவர்களுக்கு இந்தி தெரியாது, படம் எனக்கு மனப்பாடம் என்பதால் என்னையே தமிழில் சொல்லச் சொல்லிவிட்டு முனிராஜ் போய்விட்டார். நானும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சொன்னேன். சின்னக் காயமானாலும் உடனே தெரிவிக்க வேண்டும், மறைக்கக்கூடாது, இப்படி. ஒருவன் கையைத் தூக்கி, "அண்ணா, ஒங்க காலு என்னாச்சு" என்றான். வீட்டு பாத்ரூமில் விழுந்தேன் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊட்ல உழுந்தவரு ஊட்ல இல்லாம இங்க எதுக்குண்ணா ஒக்காந்திருக்கீங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படம் ஓடிக்கொண்டே இருந்தது. அதற்கு மேல் தமிழில் சொல்ல எனக்கு வரவில்லை. பார்த்துக்கோங்கப்பா என்று சொல்லிவிட்டேன்.

நேற்று காலை ஜீப் வந்தது. நான் கட்டிலை விட்டு எழவில்லை. கங்கப்பன் உள்ளே வந்து நின்றான். "இன்னும் ஆறு நாளுதாண்ணா" என்றான். வரவில்லைப்பா என்றேன். கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்தபடி இருந்தான். பிறகு ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். கம்பெனி ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு வரமுடியாது இல்லையா. அம்மா ஆட்டோ பிடித்தாள்.

சீட்டு எழுதுகிறவர் எப்படி அடிபட்டது என்று கேட்டார். வாயில் பாத்ரூம் என்றுதான் வந்தது, இரண்டு மாதப் பழக்கம். பிறகு குவாரியில் என்றேன். எந்தத் தேதி என்றார். ஜூலை ஒன்பது என்றேன். நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு அப்படியே எழுதிக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். கூடிப்போன எலும்பை மறுபடி உடைத்துத்தான் வைக்க வேண்டுமாம். பழையபடி நடப்பேனா என்றதற்கு, முன்பே வந்திருக்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார்.

மஞ்சள் ஹெல்மெட் கிடைக்காது. நீலமும் இருக்குமா என்று தெரியவில்லை. லைன் வீட்டில் நேற்றிலிருந்து அம்மாவிடம் யாரும் பேசவில்லையாம், தண்ணீர்க் குழாயில்கூட. நீ எதிலும் தவறு செய்யவில்லை. பரீட்சையை விட்டுவிட்டு வராதே.

விடுப்புக் கடிதம் இன்று காலை, வார்டில் கிடைத்த கடைசித் தாளில் எழுதினேன். பதினொரு வருடத்தில் முதல் விடுப்புக் கடிதம். எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தத் தண்டவாளம், உடன் இருந்தவர்கள் யார் என்று நீ எழுதுவது போல ஒன்றுவிடாமல் எழுதினேன். அம்மா அதை எடுத்துக்கொண்டு தனியாகச் சுரங்க ஆபீசுக்குப் போனாள். வாங்க மாட்டேன் என்றார்களாம். வாங்கும்வரை உட்கார்ந்திருக்கிறேன் என்று பயிற்சி அறையில் என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாளாம். மத்தியானம் வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டதற்கு முத்திரையும் கையெழுத்தும் போட்டு ஒரு நகல் கொடுக்கச் சொல்லி, அதையும் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாளாம். இப்போது என் தலைமாட்டில் வைத்திருக்கிறாள்.

உன் அப்பா,
ஜெபராஜ்